அருகிருப்பார் கடன்

மருந்து என்றதும் நம் மனத்திலே தோன்றுவன குளிகையும் பாணியும் ஊசியுமே. திருவள்ளுவரோ அச்சொல்லுக்கு இன்னும் விரிந்த பொருள் கொண்டார். 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் வைத்தியர், அவர் கையாளும் மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என அவர் வகுத்துள்ளார். உரைகண்ட பரிமேலழகர் அந்நான்கினையும் தனித்தனி நந்நான்காகப் பகுத்து விளக்கினார். இக்குறளை வகுப்பறையிலே நாம் பல ஆண்டுகள் கற்பித்து வந்துள்ளோம். மாணவரும் நால்வகையையும் மனனஞ் செய்து ஒப்புவிப்பர். பரீட்சையிலே புள்ளியும் பெறுவர். ஆயினும் அந்நான்காவது கூறு எத்துணைப் பாரமுடையது என்பதை, 2023ஆம் ஆண்டிலே எமது அன்னையார் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற காலத்திலேயே நாம் வாழ்வில் வைத்து அறிந்தோம்.

நோயைப் பற்றி வைத்தியர் எழுதுகின்றனர். மருந்தைப் பற்றி விஞ்ஞானிகள் எழுதுகின்றனர். கட்டிலருகே தேநீர்ப் போத்தலும் துவாயும் கையுமாக நிற்பவரைப் பற்றி எழுதுவார் சிலரே. இன்று இத்தகைய கட்டிலொன்றின் அருகே நிற்கும் நிலை பல குடும்பங்களுக்கு நேர்ந்துள்ளமையால், நாம் கண்டவற்றுட் சிலவற்றை இங்கே கூறுவது பயன்படும் என எண்ணுகின்றோம்.

எமது அன்னையார்க்கு அப்போது அறுபத்தாறு வயது. பருத்தித்துறையிலே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே எம்மை வளர்த்தவர். விடியுமுன் எழுந்து முற்றங் கூட்டி, கிணற்றடியில் முழுகி, வைரவர் கோயிலுக்கு விளக்கு வைத்த பின்னரே அடுப்பை மூட்டுவார். ஒரு நாள் முழுகும்போது இடது மார்பிலே புளியங்கொட்டையளவான கட்டியொன்று அவர் கைக்குத் தட்டுப்பட்டது. அதனை அவர் மூன்று மாதம் ஒருவருக்குஞ் சொல்லவில்லை. பின்னர் எமது தங்கை கேட்டபோது, "அது நோகேல்லைப் பிள்ளை, நோகாததை என்னத்துக்கு ஆக்களுக்குச் சொல்லுவான்?" என்றார். இந்நோயின் வஞ்சனையே அதுதான். மார்பிலே தோன்றும் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்திலே பெரும்பாலும் நோவதில்லை. நோவின்மையை நலமென்று நம்பிப் பெண்கள் காலத்தைப் போக்கிவிடுகின்றனர்.

கட்டியிலிருந்து ஊசியினாற் சிறிது திசுவெடுத்துச் சோதித்தார்கள். முடிவைக் கேட்க நாமும் தங்கையும் சென்றோம். வைத்தியர் நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினார். முதலிலே சத்திரசிகிச்சை, பின்னர் இருபத்தொரு நாளுக்கு ஒரு முறையாக ஆறு தடவை மருந்தேற்றல், அதன் பின்னர் பல ஆண்டுகளுக்கு நாளொன்றுக்கு ஒரு குளிகை. வழி நீளமானது, ஆயினும் அது வழியே என்பது எமக்கு விளங்கிற்று. வீடு திரும்பியதும் எழுந்த வினா வேறொன்று. இதனை அன்னையார்க்குச் சொல்வதா, விடுவதா?

எமது வீடுகளிலே இந்நோய்க்குப் பெயர் கிடையாது. 'கூடாத வருத்தம்' என்பார்கள். 'அந்த வருத்தம்' என்பார்கள். அதையும் குரலைத் தாழ்த்தியே சொல்வார்கள். அன்னையாரின் தமக்கையார், எமது பெரியம்மா, எம்மைக் குசினிக்குள் அழைத்து, "தம்பி, அவளுக்கு உண்மையைச் சொல்லிப்போடாதை. பேரைக் கேட்டாலே பாதி உயிர் போயிடும். சும்மா கட்டி, வெட்டினாச் சரியெண்டு சொல்லு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவ்வாறு சொன்னதும் அன்பேயன்றி வேறில்லை. சுற்றத்தார் பலருக்கும் அதுவே கருத்தாயிருந்தது.

அன்றிரவு பரிமேலழகர் உரையையே நாம் மீண்டும் எண்ணிப் பார்த்தோம். நோயாளிக்கு வேண்டுவனவாக அவர் கூறுவன நான்கு: பொருளுடைமை, வைத்தியர் சொல்வழி நிற்றல், தம் நோயின் நிலையை எடுத்துணர்த்தல், மருந்தினால் வருந் துன்பத்தைப் பொறுத்தல். இவற்றுள் முதலாவதன் பாரத்தை எமது நாட்டின் இலவச வைத்திய சேவை பெரிதுங் குறைத்துவிட்டது. எஞ்சிய மூன்றும் நோயாளி ஒருவரே செய்யவேண்டியவை. தமக்கு என்ன நோய் என்று அறியாதவர் அதன் நிலையை எவ்வாறு உணர்த்துவார்? 'சும்மா கட்டி' என்று நம்பியிருப்பவர் தலைமயிர் உதிரும் மருந்தை எதற்காகப் பொறுப்பார்? மறைப்பது ஒரு நாட் காரியமன்று. ஆறு மாதமும் மறைக்கவேண்டும். வீட்டிலே அத்தனை பேரும் ஒரே பொய்யைச் சொல்லவேண்டும். அப்பொய்க்கு நடுவே நோயாளி மாத்திரம் தனியே இருப்பார். ஆதலின் சொல்வதென்றே துணிந்தோம்.

மறுநாட் பின்னேரம் அன்னையார் திண்ணையிலே இருந்து சுளகில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். அருகே அமர்ந்து, "அம்மா, அந்தக் கட்டி புற்றுநோய்க் கட்டி. நேரத்தோடை கண்டபடியால் வைத்தியம் செய்யலாம் எண்டு டொக்டர் சொன்னவர். என்னென்ன செய்வினம் எண்டதையும் சொல்லுறன்" என்றோம். அவர் கை நிற்கவில்லை. நான்கைந்து இணுக்கு ஆய்ந்த பின்னரே நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியும் மோனை. நீங்கள் குசினிக்குள்ளை நிண்டு குசுகுசுக்கேக்கையே தெரியும். நீ வந்து சொல்லுவியோ எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

சிறிது நேரஞ் சென்றபின் ஒரு கேள்வி கேட்டார். "இது பிள்ளையளுக்குத் தொத்துமோ?" அப்போதுதான் எமக்கு ஒன்று தெரியவந்தது. இரண்டு நாளாக அவர் தமது தண்ணீர்ச் செம்பையும் கோப்பையையும் தனியே எடுத்து வைத்திருந்தார். மடியிலே ஏறவந்த பேரனையும் ஏதோ சாட்டுச் சொல்லி விலக்கிவந்தார். புற்றுநோய் தொற்றுநோயன்று, ஒரே பாத்திரத்தில் உண்பதனாலோ, தொடுவதனாலோ, மடியில் வைத்திருப்பதனாலோ அது மற்றவருக்கு வராது என்று விளக்கினோம். "அப்ப அவனைக் கூப்பிடு" என்றார். பேரன் வந்து மடியில் ஏறினான். முருங்கையிலை பாதி நிலத்திலே கொட்டுண்டது. சொன்னது நன்று என்று எமக்கு உறுதியானது அக்கணத்திலேதான்.

சத்திரசிகிச்சை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலே நடைபெற்றது. மருந்தேற்றலுக்குத் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சென்றோம். நெல்லியடியைக் கடந்து, வல்லை வெளியாலும் அச்சுவேலியாலும் போகும் வழி அது. சோழகக் காற்று வல்லை வெளியிலே முச்சக்கரவண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். அன்னையார் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்.

அவ்வைத்தியசாலை எழுந்த வரலாற்றை இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். 2011ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே தெற்கிலுள்ள தேவேந்திரமுனையிலிருந்து வடக்கிலுள்ள பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாளிலே சிலர் நடந்து கடந்தனர். வழிநெடுகிலும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பலரும் அவர்களோடு சேர்ந்து நடந்தனர். அந்நடையினாற் சேர்ந்த பணத்தைக் கொண்டு கட்டப்பட்ட வைத்தியசாலை 2013ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. இதனை அன்னையார்க்குச் சொன்னபோது, "எங்கடை ஊர் மட்டும் நடந்து வந்தவையோ? ஒரு வாய் மோர் குடுத்திருக்கலாமே" என்று அங்கலாய்த்தார். தாம் நன்றி சொல்லவேண்டியவர்களின் முகம் தெரியாமையே அவருக்குக் குறையாயிருந்தது.

பெண்கள் விடுதியிலே இரவில் ஆண்கள் தங்கமுடியாது. ஆதலின் தங்கை அங்கே தங்குவார். நாம் பார்வையாளர் நேரத்திற் சென்று வருவோம். எமது பங்குக்கு நாம் செய்தது மிக எளிய ஒரு காரியம். எண்பது பக்கக் கொப்பியொன்று வாங்கினோம். அதிலே திகதி, காய்ச்சலின் அளவு, உண்டது, வாந்தியெடுத்த நேரம், மலசலம், வாய்ப்புண், நித்திரை என்பவற்றை நாள்தோறும் எழுதினோம். வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்விகளைப் பின்பக்கத்திற் குறித்துவைத்தோம். வைத்தியருக்கு ஒரு நோயாளியோடு செலவிடக் கிடைப்பது சில நிமிடமே. அச்சில நிமிடத்திலே, "எப்படி இருந்தது?" என்று அவர் கேட்க, "பரவாயில்லை" என்று நாம் சொல்லிவிட்டு வந்தால் இருவருக்கும் பயனில்லை. கொப்பியை நீட்டினால் மூன்று வாரமும் அவர் கண்முன்னே இருக்கும்.

மருந்துகளுள் ஒன்று செந்நிறமானது. அது ஏறிய பின் ஓரிரு நாள் சிறுநீரும் செந்நிறமாய்ப் போகும். முன்னரே தாதியார் சொல்லியிருந்தமையால் அன்னையார் அஞ்சவில்லை. பக்கத்துக் கதிரையிலே இருந்த பெண்ணுக்கும் அதனை அவரே எடுத்துச் சொன்னார். அறிவு பயத்தைக் குறைக்கும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது தடவைக்குப் பின்னரே பெருஞ் சோதனை வந்தது. நான்கு நாள் ஓயாத வாந்தி. தண்ணீரும் உள்ளே நிற்கவில்லை. தலைமயிர் கொத்துக்கொத்தாய்த் தலையணையில் உதிர்ந்து கிடந்தது. ஐந்தாம் நாட் காலை எம்மை அழைத்து, "போதும் மோனை. இனி என்னைக் கொண்டுபோகாதையுங்கோ. இருக்கிற காலம் என்ரை வீட்டிலை இருந்திட்டுப் போறன்" என்றார். அவர் அழவில்லை. அதுவே எமக்கு அதிக அச்சத்தைத் தந்தது. அழுகையாயின் தேற்றலாம், அது முடிவாயிருந்தது.

சுற்றத்தார் வந்து, பேரப்பிள்ளைகளைக் காட்டியும் தெய்வத்தின்மேல் ஆணையிட்டும் வற்புறுத்தினர். நாம் வற்புறுத்தவில்லை. "அம்மா, வேண்டாம் எண்டால் அதை நீங்களே டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. நான் கூட வாறன்" என்று மாத்திரம் சொன்னோம். அவரும் இசைந்தார். குறித்த நாளிலே சென்றபோது வைத்தியர் எம்மைப் பார்த்தே வினவினார். அன்னையார் இடைமறித்து, நான்கு நாளும் பட்டதை ஒன்றுவிடாமல் தாமே கூறினார். வைத்தியர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். வாந்தியை அடக்கும் மருந்தை மாற்றலாம், அதனை மருந்தேற்றுமுன்னரே கொடுக்கலாம் என்றார். பின்னர், கட்டியை வெட்டியெடுத்த பின்னும் கண்ணுக்குத் தெரியாத கலங்கள் உடம்பில் எங்கேனும் தங்கியிருத்தல் கூடும், அவற்றை அழிப்பதற்கே இம்மருந்து என்று பொறுமையாக விளக்கினார்.

அன்னையார் சற்று யோசித்தார். "கோரையைப் புடுங்கினாலும் கிழங்கு மண்ணுக்குள்ளை நிக்கும் எண்டுறியள்" என்றார்.

"அதேதான் அம்மா" என்றார் வைத்தியர்.

"அப்ப இன்னும் ஒருக்காப் போட்டுப் பாப்பம். அதுக்குப் பிறகு சொல்லுறன்."

ஆறு தடவைக்கும் அவர் ஒருபோதும் மொத்தமாக ஒப்புக்கொண்டதில்லை. ஒவ்வொரு தடவையும், "இன்னும் ஒருக்கா" என்றே சொன்னார். அவ்வாறு தாமே தெரிந்து சொல்வதிலே அவருக்கு ஒரு வலிமை இருந்ததை நாம் கண்டோம். நோய் அவரிடமிருந்து பலவற்றைப் பறித்துக்கொண்டது. 'ஆம்' என்றும் 'இல்லை' என்றுஞ் சொல்லும் உரிமையையும் அன்பின் பெயரால் நாம் பறித்துக்கொள்ளலாகாது.

மூன்றாவது தடவைக்குப் பின் பத்தாம் நாள் இரவு. இம்மருந்து ஏறிய முதல் இரண்டு வாரத்திலே குருதியின் வெண்கலங்கள் குறைந்துவிடும். அப்போது கிருமியை எதிர்க்கும் வலிமை உடம்புக்கு இராது. உடல் வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டினால், இரவோ பகலோ பாராமல் வைத்தியசாலைக்கு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று இரவு பதினொரு மணியளவில் அன்னையார்க்குக் குளிரெடுத்தது. துணைக்கு வந்து தங்கியிருந்த பெரியம்மா, "மல்லி அவிச்சுத் தாறன். ஒரு பனடோலையும் போட்டிட்டுப் படு, விடியப் பாப்பம்" என்றார். வேறெந்த நாளாயினும் அன்னையார் அவ்வாறே செய்திருப்பார். அன்றோ தாமே வெப்பமானியை வைத்துப் பார்த்தார். 38.4.

"இல்லை அக்கா. எனக்கு இருக்கிறது என்ன வருத்தம் எண்டு எனக்குத் தெரியுமெல்லே. விடியுமட்டும் இருக்கேலாது. தம்பியை எழுப்புங்கோ."

அயல்வீட்டு இளைஞர் தமது முச்சக்கரவண்டியை எடுத்தார். நள்ளிரவிலே வல்லை வெளியைக் கடந்தோம். சென்ற உடனேயே குருதி எடுத்தார்கள். நாளத்தின் வழியே கிருமிகொல்லி மருந்து ஏற்றினார்கள். ஏழு நாள் தனியறையில் வைத்திருந்தார்கள். விடியும்வரை தாமதித்திருந்தால் நிலைமை கைமீறிப் போயிருத்தல் கூடும் என்று வைத்தியர் பின்னர் கூறினார். அன்று அன்னையாரின் உயிரைக் காத்தவற்றுள் மருந்துக்கு எத்துணைப் பங்குண்டோ, அவர் தம் நோயின் பெயரை அறிந்திருந்தமைக்கும் அத்துணைப் பங்குண்டு. பெரியம்மா இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆனால் வீடு வந்த மறுநாள், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெப்பமானியை எப்படி வாசிப்பது என்று எமது மகளிடம் கேட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.

சிறு காரியங்கள் சிலவற்றையுஞ் சொல்லவேண்டும். மருந்தேறும் காலத்திலே நாவின் சுவை மாறிவிடும். தாம் உயிராய் விரும்பிய மீன்குழம்பின் மணமே அன்னையார்க்கு ஆகாமற் போயிற்று. கோப்பி இரும்பைக் கரைத்தது போல் இருந்ததாம். இடியப்பமும் பாற்சொதியும், நன்றாகக் குழைந்த கஞ்சி, அவித்த முட்டை என்பன ஏற்றுக்கொண்டன. ஒரு நேரத்து உணவை மூன்றாய்ப் பிரித்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். கொதித்தாறிய நீரையே பருகக் கொடுத்தோம். வாய்ப்புண்ணுக்கு உப்புநீராற் கொப்பளித்தல் உதவிற்று. இன்ன இலையின் சாறு இந்நோயைத் தீர்க்கும் என்று பலர் பலவற்றைக் கொணர்ந்தனர். அவர்கள் அன்பை ஏற்றோம். சாற்றை, வைத்தியரைக் கேளாமற் கொடுப்பதில்லை என்று பணிவாகச் சொன்னோம். சிகிச்சை மருந்தோடு எது சேரும், எது மாறுபடும் என்பது அவருக்கே தெரியும்.

பார்க்க வருவோரும் ஒருவகைச் சோதனையே. சிலர் தோடம்பழத்தோடு, இதே நோயினால் இறந்தவர்களின் கதையையும் கொண்டுவருவர். தடிமனும் இருமலுமாக வந்து கட்டிலில் அமர்வாரும் உளர். வாசலிலே நின்று நயமாகத் திருப்பியனுப்புவது அருகிருப்பவரின் கடமைகளுள் ஒன்று. சனக்கூட்டம் ஆகாது என்றமையால் தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலுக்குள்ளும் அன்னையார் செல்லவில்லை. வண்டியை வீதியோரம் நிறுத்தச்செய்து, இருந்தவாறே கோபுரத்தை நோக்கிக் கைகூப்புவார். "அவளுக்குத் தெரியும், நான் ஏன் இறங்கேல்லை எண்டு" என்பார்.

அருகிருப்பவரும் மனிதரே. எமது தங்கை தொடர்ந்து ஆறிரவு கண்விழித்து, ஏழாம் நாள் விடுதி வாயிலிலே மயங்கிவிட்டார். அதன் பின்னர் முறைவைத்துக்கொண்டோம். ஒருவர் தங்கினால் ஒருவர் உறங்கவேண்டும். ஒருவர் சமைத்தால் ஒருவர் கொண்டுசெல்லவேண்டும். உதவி செய்யவா என்று அயலார் கேட்டால், வேண்டாம் என்னாமல், இன்னது செய்யுங்கள் என்று சொல்லப் பழகவேண்டும். பக்கத்து வீட்டார் எம் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச்சென்றார்கள். அது எமக்குப் பேருதவியாயிற்று.

ஆறாவது மருந்தேற்றல் ஓகஸ்ட் மாதத்திலே முடிந்தது. நோய் இனி ஒருபோதும் வராது என்று வைத்தியர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நாளொன்றுக்கு ஒரு குளிகையும், குறித்த காலத்திற் பரிசோதனையுமாக நாட்கள் செல்கின்றன. அன்னையாரின் தலைமயிர் முன்னிலும் சுருளாய் வளர்ந்திருக்கின்றது. இடது கையாற் பாரந் தூக்கலாகாது என்றமையால், கிணற்றிலே தண்ணீர் அள்ளுவது இப்போது எம் வேலை.

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. முப்பத்தைந்து வயதடைந்த பெண்கள் மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் சோதித்துக்கொள்ளும் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996ஆம் ஆண்டு முதல் எமது நாட்டிலே இலவசமாக நடைபெற்று வருகின்றன. சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேட்டால் நாளும் இடமும் சொல்வார்கள். இதனை வாசிக்கும் மாணவ மாணவியர் தம் தாய்மாருக்கும் சிறியதாய்மாருக்கும் இச்செய்தியைச் சொல்வாராக. வெட்கத்தை விடப் பெரியது உயிர்.

எம் அன்னையார் இதனை எமக்கு முன்னரே செய்யத் தொடங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் கோயிற் கிணற்றடியிலே பெண்கள் கால் கழுவ நிற்கும்போது, குரலைத் தாழ்த்தாமலே சொல்கின்றார்: "எனக்கு வந்தது புற்றுநோய். கட்டி நோகேல்லை எண்டு மூண்டு மாசம் பேசாமல் இருந்தனான். நோகாத கட்டியெண்டால்தான் பிள்ளையள், ஓடிப்போய்க் காட்டவேணும்."